எல்லாவற்றையும் கழுவியவர்

அவரைப் போலச் சுத்தமான மனிதரை நான் மைசூரில் பார்த்ததில்லை. வேறெங்கும் பார்த்ததில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். அந்த நாளில் நாங்கள் எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டோம். ஏதோ அரசாங்க ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து விஜயநகருக்குப் போகிற வழியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, வண்டிகளுக்கான உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். அந்த மாதிரிக் கடை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தரையெல்லாம் ஆயில், தொட்ட இடமெல்லாம் கிரீஸ், கல்லா மேஜையில் கறுப்புக் கைரேகை. அவர் கடையில் மேஜைக் கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம், தோளில் ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டு உடம்பைத் துடைக்க அல்ல. நாங்கள் கை வைத்த இடத்தைத் துடைக்க.

வாசலுக்கு உள்ளே ஒரு முழத்துக்குச் செய்தித்தாள் விரித்திருப்பார். மெக்கானிக்கோ டிரைவரோ வந்தால் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

"ஏம்ப்பா, அங்கேயே நில்லு. பேப்பர் போட்டிருக்கு பாரு, அது மேல நில்லு. கலீஜு ஆகுது."

கலீஜு. குப்பைக்கும் அந்த வார்த்தைதான், கிரீஸுக்கும் அதுதான், பான்பராக் போட்ட வாய்க்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லும்போது மூக்கு மட்டும் தனியாக மேலே போகும். அடுத்து கன்னடத்தில் இன்னொன்று சொல்வார்: "தொளெத்ரெ எல்லா ஹோகுத்தெ." கழுவினால் எல்லாம் போய்விடும் என்று. வந்தவன் போன பின்னால் செய்தித்தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கை கழுவப் போவார். கடைக்குப் பின்னால் ஒரு குழாய். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்தக் குழாய் ஓடும் சத்தம் கேட்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் ஒரு டீசல் பிக்கப் இருந்தது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. என் வீட்டுக்காரர் ஓட்டினார். சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம், குடியிருந்தது மைசூரில். கொள்ளேகால் சுற்றுவட்டத்தில் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் நிறைய. அவர்களுடைய பட்டுக்கூட்டை மூட்டை கட்டி ராமநகரத்துச் சந்தைக்கு ஏற்றிப் போவதுதான் அவருக்கு முக்கியமான வாடகை. மற்ற நாட்களில் காய்கறி, செங்கல், பீரோ, எது கிடைத்தாலும் ஏற்றுவார். நான் ஹெப்பாளில் ஓர் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் எப்போதும் ரோட்டில் இருந்ததால் வண்டிக்கு வேண்டிய சாமான் வாங்குவது என் பாடு. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலேயே கடை இருந்தது.

டீசல் வண்டியில் டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே இரண்டு கிண்ணம் இருக்கும். ஒன்றில் துணி ஃபில்டர், மற்றதில் காகித ஃபில்டர். துணியைக் கழுவி ஒரு தடவை திரும்பப் போடலாம். காகிதத்தைக் கழுவக் கூடாது. இது வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டுப் பெண்களுக்குக்கூடத் தெரியும். காகிதம் ஊறினால் மடிப்பு விட்டுவிடும், ஓரத்துப் பசை பிரியும், அழுக்கு நேரே பம்புக்குள் போகும். அப்போதைய டீசலின் தரத்துக்கு ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அடியில் ஒரு விரற்கடை தண்ணீரும் சேறும் எப்போதும் நிற்கும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியவர்கள் அதைக் கண்ட இடத்தில் எறிவார்கள். சார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடை வாசலில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு டிரம் வைத்தார். அதன் மேல் கன்னடத்தில் ஒரு பலகை: பழைய ஃபில்டரை ரோட்டில் போடாதீர்கள், ஊரைச் சுத்தமாக வையுங்கள், இதில் போடுங்கள். வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். டிரைவர்களும் கேலி செய்துகொண்டே அதில் போடப் பழகிவிட்டார்கள். நானும் போட்டேன். ஒழுகாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டதற்கு, "நீ ஒருத்திதான் முறையா கொண்டு வர்றே" என்று என்னிடம் சொன்னார். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன ஜென்மம் நான்.

அப்படித்தான் அவர் என்னை உள்ளே விட்டார். மற்றவர்களுக்குச் செய்தித்தாள், எனக்கு ஸ்டூல். மற்றவர்களுக்கு எதிர் டீக்கடைக் கண்ணாடிக் கிளாஸ், எனக்கு அவர் மனைவி ஃப்ளாஸ்கில் கொடுத்தனுப்பும் காபி. கடையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் இருந்தன. ஒன்றில் அவர் குடிப்பார். இன்னொன்றை எனக்குக் கொடுப்பார். நான் குடித்து முடித்ததும் ஒரு துண்டுக் காகிதத்தால் அதன் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் மூன்று தடவை கழுவுவார். என்னோடு பேசிக்கொண்டேதான் கழுவுவார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டே. பிறகு அந்த டம்ளரைத் தன் டம்ளருக்குப் பக்கத்தில் வைக்காமல், ஒரு ஜாண் தள்ளிக் கவிழ்த்து வைப்பார்.

நான் அதைப் பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வாரமும் போய் உட்கார்ந்து குடித்தேன். ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்றவளுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தால் கண் கொஞ்சம் மங்கிவிடும்.

எங்கள் ஃபேக்டரியில் பல கம்பெனிகளுக்கு டப்பா அச்சடித்து, மடித்து, ஒட்டுவோம். ஒரு ஃபில்டர் கம்பெனிக்கும் செய்தோம். நான் செக்கிங்கில் இருந்தேன். சிவப்பு எழுத்துக்குப் பின்னால் மஞ்சள் விலகித் தெரிந்தால் அந்த டப்பா ரிஜெக்ட். யார் ஒதுக்கியது என்று சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டும் என்பதால் ஒவ்வொருத்திக்கும் ஒரு குறி. டப்பாவின் அடி மடிப்புக்கு உள்ளே நீலப் பென்சிலால் போட வேண்டும். என்னுடையது ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஒதுக்கியதையெல்லாம் கட்டுக் கட்டிக் காயலான்காரர் எடுத்துப் போவார். வெந்நீர் அடுப்புக்கு என்று நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதை யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சார் கேட்டார்.

"உங்க ஃபேக்டரில டப்பா ரிஜெக்ட் ஆகுதல்வா, அத என்ன பண்றாங்க?"

"காயலான்காரருக்குப் போகுதுங்க சார். கொஞ்சம் நாங்க அடுப்பெரிக்க எடுத்துக்குவோமுங்க."

"அடுப்புல போடறதா? சே. நல்ல டப்பா. எனக்குக் கொஞ்சம் கொண்டா. நட்டு, போல்ட்டு போட்டு வைக்கலாம். கடை நீட்டா இருக்கும்."

கொண்டுபோனேன். மடித்த டப்பா தட்டையாகத்தானே இருக்கும், சாப்பாட்டுப் பையில் டிபன் கேரியருக்குக் கீழே இருபது முப்பது வைத்தால் தெரியாது. வாரத்துக்கு இரண்டு நாள். ஒரு மழைக்காலமும் அதற்கடுத்த வெயில் காலமும் கொண்டுபோனேன். இத்தனை டப்பாவில் போட்டு வைக்க அந்தக் கடையில் நட்டு எங்கே இருக்கிறது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆயுத பூஜை அன்று அவரைப் பார்க்க வேண்டும். மைசூரில் அன்றைக்கு ஒவ்வொரு வண்டியும் வாழைக்கன்றும் சாமந்தியுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சுற்றும். சார் கடையை விடிகாலையிலிருந்து கழுவுவார். டிரம்மைக்கூடக் கழுவிக் குங்குமம் வைப்பார். வண்டிக்காரர்கள் எங்களுக்கு எல்லாம் பொரியும் கடலையும் கொடுப்பார். நீளக் கைப்பிடி போட்ட ஒரு கரண்டியால் எடுத்து, நாங்கள் ஏந்திய கைக்கு ஒரு முழம் மேலேயிருந்து போடுவார். பாதிப் பொரி தரையில் சிந்தும். என் வீட்டுக்காரர் அன்று வண்டியில் ஏறியதும் சொன்னார்:

"கோழிக்குத் தீனி போடறாப்பல போடறாரு பாரு புள்ள. இந்தாளு கிட்ட என்னத்துக்கு நீ போயிக் குந்திக்கிற?"

"எனக்கு மரியாதையாத்தான் குடுப்பாருங்க" என்றேன் நான்.

அவர் பொரியை டாஷ்போர்டில் கொட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த வெயில் காலத்தில், கடைக்கு வாராந்திர விடுமுறை என்று மறந்து டப்பாவோடு போய் நின்றுவிட்டேன். ஃபேக்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. விஜயநகரில் அவர் வீடு எனக்குத் தெரியும். போனேன். புதிதாகக் கட்டிய வீடு, கழுவிய வாசலில் கோலம். சார் வெளியே போயிருந்தார். அவர் மனைவி நல்ல மாதிரி. "மாடியில சண்டிகே போட்டிட்டிருக்கேன், மேலேயே வா" என்று கூப்பிட்டார். வடாம்தான், அங்கே சண்டிகே என்பார்கள்.

மாடியில் ஒரு பக்கம் வெள்ளை வேட்டி விரித்து வரிசை வரிசையாக வடாம். மறுபக்கம் செய்தித்தாள் விரித்து வரிசை வரிசையாகக் காகித ஃபில்டர். நூறுக்குக் குறையாது. மடிப்பெல்லாம் விரிந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் சீமெண்ணெய் நிரப்பிய இரண்டு வாளி, ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப். வாளியில் கறுப்பாக ஒரு சேறு மிதந்தது. ஹெப்பாளில் ஓடுகிற அத்தனை வண்டியின் வயிற்றிலிருந்தும் வந்த சேறு.

"எல்லாம் அவரே தொளெஞ்சு, அவரே காயப் போடுவாரு. என்னைத் தொட விடமாட்டாரு. ரொம்ப சுத்தம் அவருக்கு" என்றார் அந்த அம்மா. கழுவுவதைத்தான் அப்படிச் சொன்னார்.

கீழே வந்ததும் முந்தின நாள் வடாமைப் பொரித்து ஒரு தட்டில் கொடுத்தார். வாயில் போட்டேன். சீமெண்ணெய் நாற்றம் தொண்டை வரைக்கும் போனது. அந்த அம்மாவுக்கு அது பழகிப்போயிருந்தது போல, முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். நான் விழுங்கினேன். தண்ணீர் கேட்டேன். தண்ணீரிலும் அந்த நாற்றம் இருந்ததாகவே பட்டது.

மறுநாள் சாரிடம் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

"அது சும்மா, ட்ராக்டர்காரங்க, கஷ்டப்படறவங்க வந்து கேப்பாங்க. அவங்களுக்குக் கொடுக்கறது. சுத்தமா பண்ணித்தானே கொடுக்கறேன்? உனக்கு ஒரிஜினல்தாம்மா. உனக்குப் போயி அதைக் கொடுப்பேனா?"

நான் அதை நம்பினேன் என்று சொன்னால் பொய். டப்பா எதற்கு என்று அந்த மாடியில் நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. கழுவிய ஃபில்டர் என் டப்பாவில் ஏறி, வாயை ஒட்டிக்கொண்டு, புதுசு என்று யாருக்கோ போகிறது. ஆனால் 'உனக்கு ஒரிஜினல்' என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் மனசு அடங்கிவிட்டது. யாருக்கோ போனால் எனக்கென்ன. அந்த வாரமும் இருபது டப்பா கொண்டுபோனேன். காபி குடித்தேன். அவர் டம்ளரைக் கழுவினார்.

என் அக்கா ஹனூருக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். மாமா போய்ச் சேர்ந்த பின்னால் அரை ஏக்கர் மல்பெரியும் ஒரு கொட்டகை பட்டுப்பூச்சியும்தான் அவளுக்கு. மூன்று போகம் தொடர்ந்து புழு செத்தது. நான்காவது போகம் நன்றாக வந்தது. வெள்ளை வெளேரென்று, கல் மாதிரி கெட்டியான கூடு. அதை விற்றுத்தான் அவள் மகளைக் கொள்ளேகாலில் நர்ஸ் படிப்பில் சேர்க்க வேண்டும். சேர்க்க அந்த வாரம்தான் கடைசி.

உயிருள்ள கூடு காத்திருக்காது. உள்ளே புழு உயிரோடு இருக்கும். மூட்டையில் கட்டிவிட்டால் அன்றைக்கே சந்தையில் கொட்டிவிட வேண்டும். நின்றால் சூடேறும், ஈரம் பட்டால் புழு செத்து ஒழுகும், கறை பட்ட கூட்டை யாரும் தொடமாட்டார்கள். அதனால் வண்டிக்கு எல்லாம் சரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஃபில்டர் வாங்கி வரச் சொன்னார்.

"எங்க அக்கா கூடு ஏத்தறாங்க சார். நல்லதாப் பாத்துக் குடுங்க" என்று வாய் விட்டுச் சொல்லித்தான் வாங்கினேன்.

"உனக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறேன்" என்று சொல்லி எடுத்து, வழக்கம் போலச் சுத்தமான செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் அன்று மாலையே மாட்டினார். எந்த ஃபில்டர் மாட்டினாலும் அதன் டப்பாவில் கிலோமீட்டரை எழுதி சீட்டுக்கு அடியில் செருகி வைப்பது அவர் வழக்கம்.

இரவே ஹனூருக்குப் போய், விடிந்து அக்காவையும் கூட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். மளவள்ளி தாண்டினதும் வண்டி இழுக்கவில்லை. நின்றுவிட்டது. இறங்கி, ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, காற்றை வெளியேற்றிக் கிளப்பியிருக்கிறார். இரண்டு மைல் போனதும் மறுபடி நின்றது. மறுபடி காற்று எடுத்தார். அப்படியே ஐந்து தடவை. மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைப் போட்டு மூடினால் உள்ளே சூடு, திறந்தால் மழை. அக்கா மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி வண்டிக்குப் பின்னால் நின்றாளாம்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு மெக்கானிக் கிடைத்தார். கிண்ணத்தைத் திறந்து காகித ஃபில்டரை எடுத்தார். மடிப்பெல்லாம் பிரிந்து, கஞ்சியில் ஊறிய துணி மாதிரி கையில் வந்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"சீமெண்ணெ வாசனை அடிக்குதே. டாங்கில சீமெண்ணெ கலக்கிறியா அண்ணா?"

அக்கா பக்கத்தில்தான் நின்றாள்.

அந்த நாளில் டீசலில் ரேஷன் சீமெண்ணெயைக் கலந்து ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் வண்டி வாங்கின புதிதில், கையில் ஒன்றுமில்லாத நாட்களில் கலந்திருக்கிறார். அது அக்காவுக்குத் தெரியும். விட்டு வருஷம் மூன்றாயிற்று என்பது அவளுக்குத் தெரியாது.

வேறு ஃபில்டர் மாட்டிக்கொண்டு, சந்தை முடிந்த பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் கொட்டினபோது கூடு பாதிக்கு மேல் பழுப்பு. வாங்க வந்தவர்கள் ஒரு கை அள்ளி, மோந்து பார்த்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்களாம். கடைசியில் ஒருவர் எரு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். வண்டி வருவதற்கு முன்னால் நாற்றம் வந்தது. செத்த புழுவின் நாற்றம் சொன்னால் புரியாது. அழுகிய மீனும் புளித்த மாவும் சேர்ந்தது மாதிரி, ஆனால் அதைவிடக் கொழுப்பாக இருக்கும். அக்கா வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஏம் புள்ள, உன்ற புருஷன் செஞ்ச காரியத்தப் பாத்தியா? நாலு காசு மிச்சம் புடிக்க சீமெண்ணெய ஊத்தி, என்ற புள்ளயோட படிப்ப மண்ணாக்கிப் போட்டாரு."

"ஊத்துலீங்க்கா. சாமி சத்தியமா ஊத்துலீங்க" என்றார் அவர். இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் கொள்ளேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் வண்டியைக் கழுவினேன். ஒழுகிக் காய்ந்த மஞ்சள் நீரைத் துடைப்பத்தால் தேய்த்தேன். சீட்டைத் தூக்கினபோது டப்பா இருந்தது. மெக்கானிக் கழற்றின ஃபில்டரை அதிலேயே போட்டுக் கொடுத்திருந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். சிவப்பு எழுத்துக்குப் பின்னால் மஞ்சள் விலகியிருந்தது. அடி மடிப்பைப் பிரித்தேன். வட்டம், நடுவில் புள்ளி. நானே போட்டது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் டப்பாவைக் கொண்டுபோய் அவருடைய மேஜைக் கண்ணாடி மேல் வைத்தேன். முதலில் அவர் டப்பாவுக்கு அடியில் ஒரு செய்தித்தாளைச் செருகினார்.

"இது யாரு டப்பாங்க சார்?"

"நீ கொண்டு வந்ததுதானே."

"உள்ள இருந்தது?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாறிப்போச்சு போலிருக்கு. எல்லாம் ஒண்ணா அடுக்கி வெச்சா, எது புதுசு எது தொளெஞ்சதுன்னு எனக்கே கொத்தாகறதில்ல, தெரியறதில்ல. அவ்ளோ நீட்டா பண்றேன்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கம் இல்லை. பெருமை இருந்தது.

"எங்க அக்கா கூடு அத்தனையும் போச்சுங்க. அது புள்ள படிப்பு போச்சு."

"பாவம். ஆனா கூடு எல்லாம் ரொம்ப கலீஜு வேலைம்மா. நாத்தம். வேற ஏதாச்சும் பண்ணச் சொல்லு."

"நான் வண்டி ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லீருவேன் சார்."

"சொல்லு" என்றார், குரலை உயர்த்தாமல். "டப்பாவையும் காட்டு. உள்ள மார்க்கு யாருதுன்னு உங்க சூப்பர்வைசர் கேட்டா, அதையும் சொல்லு. ரப்பர் போட்டு அழிச்சுப் பாத்தேன், அந்த நீலம் ஒண்ணுதான் போகவே மாட்டேங்குது."

பிறகு உள்ளேயிருந்து ஒரு ஜோடி ஃபில்டரை எடுத்து, கம்பெனி சீல் உடையாததைக் காட்டி, செய்தித்தாளில் சுற்றினார். "இது ஒரிஜினல். ஒண்ணும் கொடுக்க வேணாம்." ஃப்ளாஸ்கைத் திறந்து காபியும் ஊற்றினார். எனக்கான டம்ளரில்.

காபியைக் குடிக்கவில்லை. ஃபில்டரை வாங்கிக்கொண்டேன். காபி குடிக்காமல் வந்ததை ரொம்ப நாள் பெரிய வீரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் அடுப்பில் அந்த டப்பாவைப் போட்டேன். நன்றாக எரிந்தது. உள்ளிருந்த ஃபில்டர் சீமெண்ணெய்ப் புகையோடு எரிந்தது. அந்த வெந்நீரில்தான் என் வீட்டுக்காரர் குளித்தார். "கடைக்காரரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "அவரு கிட்ட எல்லாம் ஒரிஜினல்தானாமுங்க" என்றேன். அவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "அப்ப பங்க்குலதான் கலந்துட்டானுங்க போல" என்றார், தனக்குத்தானே.

அவர் சொல்வதை அக்கா நம்பவில்லை. ஊரில் யாரும் நம்பவில்லை. கூடு ஏற்ற அவரைக் கூப்பிடுவது நின்றது. இரண்டு வருஷத்தில் வண்டியை விற்றார். சார் கடை முன்னால் டிரம் அப்படியே இருந்தது. வழியில் எங்கே ஒரு பிக்கப் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாலும், பஸ் ஜன்னலில் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு மழைக்காலம், ஒரு வெயில் காலம், வாரத்துக்கு இரண்டு நாள். எத்தனை டப்பா என்று கணக்குப் போடத் துணிச்சல் இல்லை. எல்லாவற்றிலும் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி.

அக்கா மகள் நர்ஸ் ஆகவில்லை. தையல் பழகினாள், கல்யாணமாயிற்று. வருஷங்கள் போக, அக்காவும் மெள்ள வரப்போக ஆரம்பித்தாள். போன பொங்கலுக்கு வந்திருந்தாள். வயசாகிவிட்டது, கோபமெல்லாம் கேலியாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்பவாச்சும் நெசத்தச் சொல்லுங்க மாப்ள. அன்னிக்கு சீமெண்ணெ ஊத்துனீங்கதானே?"

இத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்கு இல்லை என்றே சொல்லி வந்தவர், சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஆமாங்க்கா. ஊத்துனேன். உடுங்க" என்றார்.

அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா, நாஞ் சொல்லல?" என்றாள்.

நான் வடாம் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, அவர்கள் எழுந்ததும் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கழுவினேன். அடுக்கில் சாப்பிடாத தட்டு இரண்டு இருந்தது. அதையும் எடுத்துக் கழுவினேன்.